ஒரே கால்பேக், மூணு மீட்டர்: மைக்ரோகண்ட்ரோலர்ல வாய்ட் பாயிண்டர் யூஸ் பண்ண புதுசா வர்றவங்களுக்கு

கால்பேக் ஃபங்ஷனுக்குள்ள (நாம எழுதிக் குடுத்து, லைப்ரரி தேவைப்படறப்போ கூப்புடற ஃபங்ஷன்) வாய்ட் பாயிண்டர்னு ஒண்ணு வருது, அதை என்ன பண்றதுன்னு தெரியாம அப்படியே விட்டுட்டு எல்லாத்தையும் குளோபல் வேரியபிளா போட்டு ஒப்பேத்தற ஆளுங்களுக்குத்தான் இதை எழுதறேன். தமிழ்நாடு-கேரளா பார்டர்ல கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், எருத்தேம்பதி சைடுல தென்னந்தோப்புக்கு சொட்டுநீர் கண்ட்ரோலர் பண்ணித் தர்ற பசங்க இப்ப நெறைய பேர் கெளம்பியிருக்காங்க, டிப்ளமோ முடிச்ச கையோட ஒரு ஈஎஸ்பி32 மைக்ரோகண்ட்ரோலர் போர்டு வாங்கிட்டு நேரா தோப்புக்குள்ள எறங்கிடறாங்க, ஒரு ரிலே ஒரு சென்சார் வரைக்கும் எல்லாம் ஜோராத்தான் போகும், ஒரே மாதிரி சென்சார் மூணு மாட்டணும்னு தோப்புக்காரர் சொல்றப்பதான் தலைவலி ஆரம்பிக்கும்.

நான் இதைத் தேடித் தேடிப் படிச்சப்போ கெடைச்சதெல்லாம் ஒண்ணு காலேஜ் நோட்ஸ், இல்லாட்டி "காஸ்ட் பண்ணுங்க, வேலை செய்யும்"னு ஒத்த வரி பதில் (காஸ்ட்னா இந்த பாயிண்டரை இந்த டைப்பா எடுத்துக்கோன்னு கம்பைலர்கிட்ட சொல்றது). எந்த அட்ரஸை அனுப்பணும், அது எவ்வளவு நேரம் உயிரோட இருக்கணும், எந்த போர்டுல இந்த வசதியே கெடையாதுங்கறதை எல்லாம் ஒவ்வொண்ணா அடிபட்டுத்தான் பொறுக்க வேண்டியிருந்துச்சு. கோடு வரிகளையும் இங்க தமிழ் எழுத்துலயே போட்டிருக்கேன், எடிட்டர்ல அடிக்கறப்போ இங்கிலீஷ்ல அடிச்சுக்கங்க.

1. கைல என்னென்ன வேணும்

ஈஎஸ்பி32 போர்டு ஒண்ணு, கோயம்புத்தூர் காந்திபுரம் பக்கம் கடைல 400ல இருந்து 600 ரூபாய்க்குள்ள சொல்லுவாங்க, ரேட் ஏறி எறங்கும். ஒய்எஃப்-எஸ்201 ஃப்ளோ சென்சார் மூணு, அரை இன்ச் பைப்புக்கு சரியா இருக்கும். இந்த சென்சார் ஒரு லிட்டர் தண்ணிக்கு சுமாரா 450 பல்ஸ் தரும், நிமிஷத்துக்கு 30 லிட்டர் போனா செகண்டுக்கு 225 பல்ஸ். இந்தக் கணக்கை மனசுல வெச்சுக்கங்க, பின்னாடி தேவைப்படும்.

சென்சார் 5 வோல்ட்ல ஓடும், ஈஎஸ்பி32 பின் 3.3 வோல்ட் மட்டும்தான் தாங்கும், அதனால நடுவுல வோல்ட்டைக் கொறைக்க ரெசிஸ்டர் டிவைடர் போட்டு மல்டிமீட்டர் வெச்சுப் பாத்துட்டு அப்பறம் பின்ல சொருகுங்க. 34ல இருந்து 39 வரைக்கும் உள்ள பின்கள்ல உள்ளுக்குள்ள புல்-அப் (பின்னை ஹைல புடிச்சு வெக்கற ரெசிஸ்டர்) கெடையாது, புதுசா வர்றவங்க 25, 26, 27 எடுத்துக்கிட்டா தொந்தரவு இல்ல.

கருவியை விட முக்கியம் டாக்குமென்ட். மூணு வேணும்: போர்டு சிப்போட டேட்டாஷீட், நீங்க யூஸ் பண்ற லைப்ரரியோட ஏபிஐ பக்கம், அதே லைப்ரரியோட ஹெடர் ஃபைல். மூணுமே காசு கெடையாது. ஆனா வீட்லயே டவுன்லோட் பண்ணிட்டுப் போயிடுங்க, பார்டர் தோப்புல போன் ஒரு டைம் தமிழ்நாடு டவர், ஒரு டைம் கேரளா டவர்னு மாறி மாறி புடிக்கும், நெட் வேணும்னு நெனைக்கிற நேரத்துலதான் ரெண்டும் இல்லாம போகும்.

ஆர்டுயினோ ஐடிஈ யூஸ் பண்றீங்கன்னா ப்ரிஃபரன்சஸ் போயி கம்பைலர் வார்னிங்ஸை 'ஆல்'னு மாத்திடுங்க. எதுவும் மாத்தாம விட்டா அது 'நன்'லதான் கெடக்கும். வாய்ட் பாயிண்டர்ல கம்பைலர் பண்ற உதவியே கொஞ்சம்தான், அதையும் வாய மூடி வெச்சா எப்படிங்க.

2. வாய்ட் பாயிண்டர்னா என்ன, சுருக்கமா

மெமரில ஒரு அட்ரஸ், அவ்வளவுதான். அங்க என்ன டைப் இருக்கு, எத்தனை பைட்டு இருக்குன்னு அதுக்குத் தெரியாது. கதவு நம்பர் மட்டும் எழுதின துண்டுச் சீட்டு மாதிரி, அந்த வீட்ல யார் இருக்காங்க, இன்னும் குடியிருக்காங்களா காலி பண்ணிட்டாங்களான்னு சீட்டு சொல்லாது. லைப்ரரி எழுதினவருக்கு உங்க ஸ்ட்ரக்ட் என்னன்னு தெரிய வாய்ப்பில்ல, அதனால "நீ ஒரு அட்ரஸ் குடு, கால்பேக்கைக் கூப்புடறப்போ அதே அட்ரஸை உன்கிட்ட திருப்பிக் குடுக்கறேன்"னு ஒரு ஒப்பந்தம் போட்டிருக்கார். அட்ரஸ் சரியான்னு பாக்கறது அவர் வேலை இல்ல, உங்க வேலை.

செலவு? ஈஎஸ்பி32லயும் எஸ்டிஎம்32ங்கற இன்னொரு சிப்லயும் ஒரு பாயிண்டருக்கு 4 பைட்டு, ஆர்டுயினோ ஊனோல 2 பைட்டு. இதுக்குப் பயந்து குளோபலுக்குப் போக வேண்டியதில்ல.

3. பாயிண்டர் போற வழி இருக்கான்னு டாக்குமென்ட்ல பாருங்க

கோடு எழுத உக்கார்றதுக்கு முன்னாடி ஹெடர் ஃபைலைத் தெறந்து, ரிஜிஸ்டர் பண்ற ஃபங்ஷனோட ப்ரோட்டோடைப்பைப் பாருங்க. ஆர்க், ஆர்க்ஸ், யூசர்_டேட்டா, கான்டெக்ஸ்ட், பிவிபாராமீட்டர்ஸ் இதுல ஏதாவது ஒரு பேர்ல வாய்ட் ஸ்டார் (வாய்ட் பாயிண்டரைக் கோடுல அப்படித்தான் எழுதுவோம்) ஒண்ணு இருந்தா வழி இருக்குன்னு அர்த்தம்.

ஈஎஸ்பி32 ஆர்டுயினோல சாதாரண அட்டாச்இன்டரப்ட் இல்லாம அட்டாச்இன்டரப்ட்ஆர்க்னு தனியா ஒண்ணு இருக்கு, அதுலதான் பாயிண்டர் அனுப்ப முடியும். ஈஎஸ்பி-ஐடிஎஃப்ல (சிப் கம்பெனியோட சொந்த ஃப்ரேம்வொர்க், சுருக்கமா ஐடிஎஃப்) ஜிபிஐஓ_ஐஎஸ்ஆர்_ஹேண்ட்லர்_ஆட்ல மூணாவது ஆர்க்யூமென்ட். ஈஎஸ்பி_டைமர்ல கிரியேட் பண்றப்போ குடுக்கற ஸ்ட்ரக்ட்டுக்குள்ள கால்பேக்குக்குப் பக்கத்துலயே ஆர்க் இருக்கும். ஃப்ரீஆர்டிஓஎஸ் (பல டாஸ்க்கை மாத்தி மாத்தி ஓட்டற சின்ன ஓஎஸ்) டாஸ்க்ல நாலாவது ஆர்க்யூமென்ட். ஃப்ரீஆர்டிஓஎஸ் சாஃப்ட்வேர் டைமர்ல மட்டும் கொஞ்சம் சுத்து வழி, கால்பேக்குக்கு டைமர் ஹேண்டில்தான் வரும், அதை வெச்சு பிவிடைமர்கெட்டைமர்ஐடியைக் கூப்புட்டு உங்க பாயிண்டரை வாங்கிக்கணும்.

டாக்குமென்ட்ல இன்னும் ரெண்டு விஷயத்தைத் தேடி எடுத்து நோட்ல எழுதி வெச்சுக்கங்க. ஒண்ணு, கால்பேக் எங்க ஓடுது, இன்டரப்ட்டுக்குள்ளயா (பின்ல சிக்னல் வந்ததும் ஓடற கோடை நிறுத்திட்டு நடுவுல பூந்து ஓடறது) இல்ல ஒரு டாஸ்க்குக்குள்ளயா. ஈஎஸ்பி_டைமர் சும்மா விட்டா தனி டாஸ்க்குலதான் ஓடும், ஜிபிஐஓ ஹேண்ட்லர் இன்டரப்ட்டுக்குள்ள ஓடும், ரெண்டுக்கும் சட்டம் வேற வேற. ரெண்டாவது, லைப்ரரி அட்ரஸை மட்டும் வெச்சுக்குதா, இல்ல உள்ள இருக்கற டேட்டாவையும் காப்பி எடுக்குதா. ஃப்ரீஆர்டிஓஎஸ் கியூல போட்டா டேட்டாவையே காப்பி எடுக்கும், ஆனா நீங்க கியூல பாயிண்டரைப் போட்டா பாயிண்டரைத்தான் காப்பி எடுக்கும், அது காட்டற எடத்தை இல்ல. கால்பேக் ஆர்க்யூமென்ட்டைப் பொறுத்தவரைக்கும் நான் பாத்த லைப்ரரி எதுவும் டேட்டாவைக் காப்பி எடுக்கல, அட்ரஸை மட்டும்தான் வெச்சுக்குது. அஞ்சாவது படில வர்ற வம்பு எல்லாம் இங்கதான் ஆரம்பம்.

4. ஸ்ட்ரக்ட் எழுதி ரிஜிஸ்டர் பண்றது

ஒவ்வொரு மீட்டருக்கும் (ஃப்ளோ சென்சாரைத்தான் மீட்டர்ங்கறேன்) என்ன தேவையோ அதை ஒரு ஸ்ட்ரக்ட்டுக்குள்ள போடுங்க. முத்திரை எதுக்குன்னு ஆறாவது படில சொல்றேன்.

ஸ்ட்ரக்ட் மீட்டர் {
  யுஇன்ட்32_டி முத்திரை;
  யுஇன்ட்8_டி பின்;
  வொலடைல் யுஇன்ட்32_டி எண்ணிக்கை;
};

ஸ்டாட்டிக் மீட்டர் மீட்டர்கள்[3];

இந்த ஸ்டாட்டிக் வரி எல்லா ஃபங்ஷனுக்கும் வெளிய இருக்கட்டும். அடுத்து கால்பேக், மூணு மீட்டருக்கும் சேத்து ஒண்ணே ஒண்ணு:

வாய்ட் ஐரேம்_ஆட்டர் பல்ஸ்_வந்துச்சு(வாய்ட் *ஆர்க்) {
  மீட்டர் *மீ = ஸ்டாட்டிக்_காஸ்ட்<மீட்டர் *>(ஆர்க்);
  மீ->எண்ணிக்கை = மீ->எண்ணிக்கை + 1;
}

செட்டப்ல ஒவ்வொரு மீட்டருக்கும் முத்திரையும் பின்னும் நெரப்பி, பின்மோட் போட்டு, எண்ணிக்கையை 0 ஆக்கி, எல்லாம் முடிஞ்ச பின்னாடி கடைசியா:

அட்டாச்இன்டரப்ட்ஆர்க்(மீட்டர்கள்[ஐ].பின், பல்ஸ்_வந்துச்சு, &மீட்டர்கள்[ஐ], ஃபாலிங்);

கடைசியானு சொன்னது சும்மா இல்ல. மொதல்ல ரிஜிஸ்டர் பண்ணிட்டு அப்பறம் ஸ்ட்ரக்ட்டை நெரப்பலாம்னு நெனைச்சா, மோட்டார் ஏற்கனவே ஓடிட்டு இருக்கற நேரத்துல போர்டு ஆன் ஆச்சுன்னா பாதி நெரப்பின ஸ்ட்ரக்ட்டோட கால்பேக் ஓடும். மேசைல டெஸ்ட் பண்றப்போ தண்ணி ஓடாது, அதனால தெரியவே தெரியாது.

சி-ல வாய்ட் ஸ்டாரை வேற பாயிண்டர்ல போடறதுக்கு காஸ்ட் தேவையில்ல, சி பிளஸ் பிளஸ்ல கண்டிப்பா வேணும், ஆர்டுயினோ சி பிளஸ் பிளஸ்தான். சி புஸ்தகத்துல இருந்து காப்பி அடிச்ச கோடு ஆர்டுயினோல எரர் அடிக்கறதுக்குப் பாதிக் காரணம் இதுதான்.

எண்ணிக்கையைப் படிக்கறப்போ இன்னொண்ணு, லூப்ல படிச்ச கையோட 0 ஆக்காதீங்க. படிக்கறதுக்கும் 0 ஆக்கறதுக்கும் நடுவுல ஒரு பல்ஸ் வந்தா அது காணாமப் போயிடும். எண்ணிக்கை பாட்டுக்கு ஏறிட்டே இருக்கட்டும், போன தடவை படிச்சதை ஒரு வேரியபிள்ல வெச்சு கழிச்சுக்கங்க. 32 பிட் எண்ணு நெறைய 95 லட்சம் லிட்டருக்கு மேல போகணும், அப்படியே நெறஞ்சு திரும்ப 0ல இருந்து ஆரம்பிச்சாலும் அன்சைன்டு கழித்தல் சரியான விடையத்தான் தரும். ஊனோல மட்டும் ஜாக்கிரதை, அது 8 பிட் சிப், 32 பிட் எண்ணை நாலு துண்டாத்தான் படிக்கும், நடுவுல இன்டரப்ட் வந்தா பாதி பழசு பாதி புதுசுன்னு ஒரு கன்னாபின்னா எண் கெடைக்கும், அதனால படிக்கற அந்த ஒரு வரிக்கு மட்டும் இன்டரப்ட்டை நிறுத்தி எடுத்துக்கங்க.

5. யாரோட அட்ரஸ், எவ்வளவு நேரம் உயிரோட இருக்கும்

இந்த படியை மட்டும் ரெண்டு தடவை படிச்சாலும் தப்பில்ல. வாய்ட் பாயிண்டர்ல போர்டு சாகற கேஸ் எல்லாம் பெரும்பாலும் காஸ்ட்ல இல்ல, இங்கதான் இருக்கு.

செட்டப்புக்குள்ள 'மீட்டர் மீ;'னு லோக்கலா ஒண்ணு போட்டு அதோட அட்ரஸை அனுப்பினா, செட்டப் முடிஞ்சதும் அந்த எடம் ஸ்டேக்ல (லோக்கல் வேரியபிள் எல்லாம் தங்கற மெமரி) வேற யாருக்கோ போயிடும். கால்பேக் அந்த அட்ரஸுக்குப் போயி எண்ணிக்கையைக் கூட்டும், ஆனா அங்க இப்ப இருக்கறது லூப்போட ஏதோ ஒரு வேரியபிளோ, ரிட்டர்ன் அட்ரஸோ. இதுல மோசம் என்னன்னா உடனே சாகாது. ரெண்டு நாள் நல்லா ஓடும், அப்பறம் ஒரு ராத்திரி ரிலே தானா ஆன் ஆகும், தோப்புக்காரர் காலைல வந்து தொட்டி வழிஞ்சு கெடக்கறதைப் பாத்துட்டு சென்சார் மேல பழி போடுவார், எலக்ட்ரீஷியன் சேட்டன் வயரிங்கைப் பிரிச்சுப் போடுவார், பாயிண்டரை ஒருத்தரும் சந்தேகப்பட மாட்டாங்க.

ஐடிஎஃப்லயும் இதே மாதிரி ஒரு கண்ணி இருக்கு. ஆப்_மெயின்ல லோக்கல் போட்டா, அதுதான் மெயின் ஆச்சே, கடைசி வரைக்கும் இருக்கும்னு நெனைப்போம், கம்ப்யூட்டர் ப்ரோக்ராம்ல அப்படித்தான். இங்க ஆப்_மெயின் முடிஞ்சு ரிட்டர்ன் ஆகலாம், ஆனா மத்த டாஸ்க்கும் டைமரும் ஓடிட்டே இருக்கும், மெயின் டாஸ்க்கை சிஸ்டமே டெலீட் பண்ணிடும், அதோட ஸ்டேக்கும் போயிடும்.

அடுத்தது லூப் வேரியபிள் கண்ணி.

ஃபார் (இன்ட் ஐ = 0; ஐ < 3; ஐ++)
  எக்ஸ்டாஸ்க்கிரியேட்(வேலை, "வே", 4096, &ஐ, 1, நல்);

மூணு டாஸ்க்குக்கும் போறது ஒரே ஐ-யோட ஒரே அட்ரஸ். டாஸ்க் எந்திரிச்சு படிக்கறப்போ அங்க 3 இருக்கலாம், குப்பை இருக்கலாம், அதிர்ஷ்டம் இருந்தா சரியான நம்பரே இருக்கலாம், அப்படி இருந்துட்டாதான் ஆபத்து, டெஸ்ட்ல பாஸ் ஆயிடும். டாஸ்க் ஓடற வரைக்கும் அந்த வேரியபிள் இருக்கணும்னு ஃப்ரீஆர்டிஓஎஸ் டாக்குமென்ட்லயே போட்டிருக்கு, ஆனா யார் அவ்வளவு கீழ வரைக்கும் படிக்கறாங்க. அந்த 4096 பத்தியும் சொல்லிடறேன், ஐடிஎஃப்ல அது பைட்டு கணக்கு, ஒரிஜினல் ஃப்ரீஆர்டிஓஎஸ்ல வேர்டு கணக்கு, வேற போர்டு கோடைக் காப்பி அடிக்கறப்போ பாத்துக்கங்க.

என்னைக் கேட்டா வழி ரொம்ப சிம்பிள்: ஸ்டாட்டிக் அரே. எத்தனை மீட்டர்னு கம்பைல் பண்றப்பவே தெரியும், யாரும் ராத்திரியோட ராத்திரியா நாலாவது போர் போட்டு சென்சார் மாட்டப் போறதில்ல. மல்லாக் போட்டு ஹீப்ல (ஓடற நேரத்துல கேட்டு வாங்கற மெமரி) எடுக்கறதும் உயிரோடதான் இருக்கும், ஆனா அப்பறம் அதை ஃப்ரீ பண்ற பொறுப்பு வரும், ஃப்ரீ பண்ணதுக்கப்பறம் கால்பேக் வந்தா பழைய கதைதான். அப்படியே ஃப்ரீ பண்ணித்தான் ஆகணும்னா வரிசை முக்கியம்: மொதல்ல டைமரை நிறுத்தி டெலீட் பண்ணுங்க, இல்ல இன்டரப்ட்டை டிடாச் பண்ணுங்க, டாஸ்க்குல ஓடற கால்பேக்னா அது அந்த நேரத்துல பாதி ஓடிட்டு இல்லைன்னு உறுதி பண்ணுங்க, அதுக்கப்பறம்தான் ஃப்ரீ. இன்டரப்ட்டுக்குள்ள இருந்து ஃப்ரீ பண்ணவே கூடாது.

6. டைப் மாறிப் போனா யாரும் சொல்ல மாட்டாங்க

மீட்டர் அட்ரஸுக்குப் பதிலா ரிலே ஸ்ட்ரக்ட்டோட அட்ரஸை அனுப்பினாலும் கம்பைலர் ஒரு வார்த்தை பேசாது, வார்னிங் ஆல்ல இருந்தாலும் பேசாது, எந்த பாயிண்டரும் வாய்ட் ஸ்டாருக்குள்ள சத்தமில்லாம போயிடும். அதுக்குத்தான் ஸ்ட்ரக்ட்டுல மொதல் ஃபீல்டா அந்த முத்திரையை வெச்சது. மீட்டருக்கு ஒரு பெரிய எண், உதாரணத்துக்கு 73190425, ரிலேவுக்கு வேற எண். கால்பேக்ல காஸ்ட் பண்ண உடனே பாயிண்டர் நல் இல்லையான்னும் முத்திரை பொருந்துதான்னும் பாருங்க, பொருந்தலைன்னா ஒரு குளோபல் எரர் கவுண்ட்டரை ஏத்திட்டு ரிட்டர்ன் ஆயிடுங்க. செலவு ஒரு மீட்டருக்கு 4 பைட்டு, செகண்டுக்கு 225 பல்ஸ்ல இந்தக் கம்பேர் எல்லாம் ஒரு நேரமே இல்ல. எரர் கவுண்ட்டர் 0 இல்லைன்னா லூப்ல இருந்து சீரியல்ல கத்த விடுங்க. இது முழு பாதுகாப்புனு சொல்ல மாட்டேன், செத்துப் போன ஸ்டேக்ல பழைய முத்திரை அப்படியே கெடக்கவும் வாய்ப்பிருக்கு, ஆனா ஆள் மாறாட்டத்தை நல்லாவே புடிச்சுடும்.

பைட்டு பஃபரை அனுப்பி உள்ள யுஇன்ட்32 பாயிண்டரா காஸ்ட் பண்றவங்களும் உண்டு. அந்த பஃபர் 4ஆல வகுபடற அட்ரஸ்ல ஆரம்பிக்கலைன்னா கார்டெக்ஸ்-எம்0 சிப் நேரா ஹார்ட்ஃபால்ட்டுக்குப் போகும். மெம்காப்பி போட்டு எடுத்தா பிரச்சனை இல்ல.

7. வெறும் நம்பர் மட்டும் போதும்னா

பின் நம்பர் மட்டும் அனுப்பினா போதும்னா ஸ்ட்ரக்ட்டே வேண்டாம், நம்பரையே பாயிண்டரா மாத்தி அனுப்பலாம், ஐடிஎஃப்போட ஜிபிஐஓ உதாரணக் கோடே அப்படித்தான் பண்ணுது. யுஇன்ட்பிடிஆர்_டி வழியா காஸ்ட் பண்ணுங்க, திரும்ப எடுக்கறப்பவும் அதே வழில வாங்க. அனுப்பினது நம்பர், ஆனா கால்பேக்ல அதை அட்ரஸா நெனைச்சு ஸ்டார் போட்டுப் படிச்சா 25ங்கற அட்ரஸ்ல போயி முட்டும். ஊனோல பாயிண்டர் 2 பைட்டுங்கறதால 65535க்கு மேல உள்ள நம்பர் அதுல அடங்காது.

8. கால்பேக்குக்குள்ள என்ன பண்ணலாம், நேரக் கணக்கு என்ன

இன்டரப்ட்டுக்குள்ள ஓடற கால்பேக்னா: எண்ணு, கொடி (ஃப்ளாக் வேரியபிள்) ஏத்து, இல்ல ஃப்ரம்ஐஎஸ்ஆர்னு முடியற ஃபங்ஷன் மூலமா ஒரு டாஸ்க்கை எழுப்பு, வெளிய வா. சீரியல் ப்ரிண்ட், டிலே, மல்லாக் எதுவும் கூடாது. ஈஎஸ்பி32ல ஃப்ளோட் கணக்கும் இன்டரப்ட்டுக்குள்ள கூடாது, 450ஆல வகுத்து லிட்டர் ஆக்கறதை லூப்ல வெச்சுக்கங்க. ஐரேம்_ஆட்டர் போட்ட ஃபங்ஷன் ரேம்ல இருக்கும், ஆனா அதுக்குள்ள இருந்து நீங்க கூப்புடற சின்ன ஃபங்ஷன் ஃப்ளாஷ்ல இருந்தா ரேம்ல வெச்ச பலன் போச்சு, அதுக்கும் சேத்து போடணும்.

டைமர்ல யூனிட்டைப் பாத்துக்கங்க. ஈஎஸ்பி_டைமருக்கு மைக்ரோசெகண்ட், ஒரு செகண்டுக்கு 1000000 குடுக்கணும். ஃப்ரீஆர்டிஓஎஸ் டைமருக்கு டிக் கணக்கு, ஐடிஎஃப்ல எதுவும் மாத்தலைன்னா செகண்டுக்கு 100 டிக், அதாவது ஒரு டிக் 10 மில்லிசெகண்ட், அதுல போயி 5 மில்லிசெகண்ட் டைமர் கேட்டா கணக்கு 0 டிக்குனு வரும், 0 குடுத்தா கிரியேட் பண்ற எடத்துலயே அசர்ட் அடிச்சு நிக்கும். ஆர்டுயினோ ஈஎஸ்பி32ல செகண்டுக்கு 1000 டிக், அதனால அங்க ஓடின கோடு இங்க ஓடாம நிக்கறப்போ பாயிண்டரை நோண்டாம மொதல்ல இதைப் பாருங்க.

9. கிளாஸ் யூஸ் பண்றவங்களுக்கு

கிளாஸ்ல உள்ள சாதா மெம்பர் ஃபங்ஷனை கால்பேக்கா குடுக்க முடியாது. ஸ்டாட்டிக் மெம்பர் ஃபங்ஷன் ஒண்ணு எழுதி, திஸ் பாயிண்டரை ஆர்க்கா அனுப்பி, உள்ள காஸ்ட் பண்ணி அசல் ஃபங்ஷனைக் கூப்புடுங்க. லாம்டாவும் ஓகேதான், ஆனா அது எதையும் கேப்சர் பண்ணாம இருக்கணும்.

இதுல ஒரு கண்ணி இருக்கு, ரொம்ப ஒளிஞ்சிருக்கும். ஆப்ஜெக்ட்டை வெக்டர்ல புஷ் பண்ணி, ஒவ்வொண்ணா புஷ் பண்ணப் பண்ண ரிஜிஸ்டரும் பண்ணிட்டே போனா, வெக்டர் எடம் பத்தாம வேற எடத்துக்குக் குடி மாறும், ஏற்கனவே அனுப்பின திஸ் எல்லாம் பழைய அட்ரஸைக் காட்டிட்டு நிக்கும். கன்ஸ்ட்ரக்டர்ல ரிஜிஸ்டர் பண்ணாதீங்க, பிகின்னு ஒரு ஃபங்ஷன் வெச்சு, எல்லா ஆப்ஜெக்ட்டும் அதது எடத்துல செட்டில் ஆனதுக்கப்பறம் செட்டப்ல இருந்து கூப்புடுங்க.

10. போர்டு தானா ரீஸ்டார்ட் ஆனா சீரியல்ல என்ன பாக்கணும்

ஈஎஸ்பி32 பாயிண்டர்ல முட்டினா சீரியல் மானிட்டர்ல குரு மெடிடேஷன் எரர்னு வரும், பக்கத்துலயே லோட்ப்ரொஹிபிட்டட் இல்ல ஸ்டோர்ப்ரொஹிபிட்டட்னு இருக்கும், கீழ ரெஜிஸ்டர் பட்டியல் கொட்டும். மத்ததை விடுங்க, ஈஎக்ஸ்சிவிஏடிடிஆர்ங்கற பேர்ல இருக்கற ஒரு எண்ணை மட்டும் பாருங்க, எந்த அட்ரஸைத் தொடப் போயி மாட்டுச்சுன்னு அது சொல்லிடும்.

00000000 இல்ல அதை ஒட்டின சின்ன எண்ணா இருந்தா நல் பாயிண்டர். நம்ம ஸ்ட்ரக்ட்டுல முத்திரை 0ல, பின் 4ல, எண்ணிக்கை 8ல ஆரம்பிக்கும், அதனால 00000008னு வந்தா நல் பாயிண்டரை வெச்சுட்டு எண்ணிக்கையைத் தொட்டிருக்குன்னு நேரா சொல்லிடலாம். 00000019னு வந்தா அது பதினாறடிமானத்துல 25, பின் நம்பரை அட்ரஸா படிச்ச கேஸ், ஏழாவது படிக்குப் போங்க. ஏ5ஏ5ஏ5ஏ5னு வந்தா அது ஃப்ரீஆர்டிஓஎஸ் புது ஸ்டேக்கை நெரப்பி வெக்கற எண், யாரும் எழுதாத ஸ்டேக் எடத்துல இருந்து பாயிண்டரை எடுத்திருக்கு, லோக்கல் வேரியபிளைத் தேடுங்க. பாக்க உருப்படியான அட்ரஸ் மாதிரி இருந்தா, ரிஜிஸ்டர் பண்றப்போ ஒவ்வொரு மீட்டர் அட்ரஸையும் சீரியல்ல ப்ரிண்ட் பண்ணி வெச்சிருந்தீங்கன்னா ஒப்பிட்டுப் பாத்துடலாம், அந்த மூணு வரி ப்ரிண்ட்டை டெலிவரிக்கு முன்னாடி தூக்கிடாதீங்க. பேக்ட்ரேஸ் வரியையும் போட்டோ புடிச்சு வெச்சுக்கங்க, ஆட்ர்2லைன் டூல்ல அதே பில்டோட எல்ஃப் ஃபைலையும் (கம்பைல் ஆகி வர்ற ஃபைல்) குடுத்தா எந்த ஃபைல்ல எத்தனாவது வரின்னு காட்டும். பில்ட் மாறிட்டா வரி நம்பர் தப்பாத்தான் வரும், அதனால எந்த தோப்புல எந்த பில்ட் ஓடுதோ அந்த எல்ஃப் ஃபைலைத் தோப்பு பேர் போட்டு ஒரு ஃபோல்டர்ல வெச்சுக்கங்க.

11. வேற போர்டுக்கு மாத்தறப்போ

ஊனோல அட்டாச்இன்டரப்ட்டுக்கு ஆர்க் கெடையாது, எக்ஸ்டர்னல் இன்டரப்ட் பின்னே 2, 3 ரெண்டுதான். ஒவ்வொரு பின்னுக்கும் ஒரு வரி ஃபங்ஷன் எழுதி, அதுல இருந்து பல்ஸ்_வந்துச்சு(&மீட்டர்கள்[0])னு பொது ஃபங்ஷனைக் கூப்புட்டா மத்த கோடு எதையும் தொட வேண்டியதில்ல, ஐரேம்_ஆட்டரை மட்டும் எடுத்துடுங்க.

எஸ்டிஎம்32 ஹால்ல (அந்த சிப் கம்பெனி தர்ற லைப்ரரி) எக்ஸ்டிஐ (வெளிப் பின் இன்டரப்ட்) கால்பேக்குக்கு எந்தப் பின்னுங்கற பிட் மாஸ்க் மட்டும்தான் வரும், அதை வெச்சு மீட்டர் அரேல தேடி எடுங்க, மூணு மீட்டருக்குத் தேடறது ஒண்ணும் பெரிய வேலை இல்ல. ஆனா பிஏ5, பிபி5 ரெண்டும் ஒரே லைன், ரெண்டையும் ஒரே நேரத்துல இன்டரப்ட்டா வெக்க முடியாது, வயரிங் பண்றதுக்கு முன்னாடியே பின் நம்பரைப் பிரிச்சு எடுத்துக்கங்க.

ராஸ்பெர்ரி பை பிக்கோல ஜிபிஐஓ கால்பேக்குக்கும் ஆர்க் இல்ல, பின் நம்பரும் ஈவென்ட்டும் மட்டும்தான். ரிப்பீட்டிங் டைமர்ல உண்டு, கால்பேக்குக்கு வர்ற டைமர் ஸ்ட்ரக்ட்டுக்குள்ள யூசர்_டேட்டானு இருக்கும், அந்த டைமர் ஸ்ட்ரக்ட்டும் நீங்க குடுக்கற எடம்தான், அதனால அதையும் ஸ்டாட்டிக்கா வெச்சுக்கங்க. அங்க டிலேயை மைனஸ்ல, -1000னு குடுத்தா ஒரு கால்பேக் ஆரம்பிச்சதுல இருந்து அடுத்தது ஆரம்பிக்கற வரைக்கும் 1000 மில்லிசெகண்ட், பிளஸ்ல குடுத்தா கால்பேக் முடிஞ்சதுல இருந்து கணக்கு. லிட்டர் கணக்கு போடறவங்க மைனஸ் குடுங்க, இல்லைன்னா ஒவ்வொரு செகண்டும் துளித்துளியா தள்ளிப் போயி தோப்புக்காரர் தண்ணி நோட்டும் உங்க கணக்கும் ஒட்டாது.